கேமரா மட்டும் மக்கர் பண்ணுகிறதா? செட்டிங்ஸ் ரீசெட், டேட்டா கிளியர், ஃபேக்டரி ரீசெட்: எதற்கு எது?

பெங்களூரு வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. போனில் மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, கேமரா மட்டும் மக்கர் பண்ணுகிறது. படம் மங்கலாக வருகிறது, முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கிறது, இல்லாவிட்டால் ஆப்பைத் திறந்ததும் கறுப்புத் திரைதான். ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி "டேட்டாவை கிளியர் பண்ணு" என்கிறான். கடைக்காரர் "ஃபுல் ரீசெட் போட்டுடலாம் சார், பத்தே நிமிஷம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பெரும்பாலும் தம்பி சொல்வதை, அதுவும் கேமரா ஆப்புக்குள் இருக்கும் ரீசெட்டை முதலில் முயன்று பார்த்த பிறகு. கேமராவுக்காக மட்டும், போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் (கடைக்காரர் சொல்லும் 'ஃபுல் ரீசெட்') போடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ஆனால் எந்த ரீசெட்டும் தீர்க்க முடியாத கோளாறுகளும் இருக்கின்றன. அவற்றை முதலில் கழித்துவிட வேண்டும்.

## ரீசெட்டால் தீராதவை

லென்ஸ் மேல் பசை. எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் சில அலுவலகங்களில் வாசலிலேயே செக்யூரிட்டி கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். மாலையில் அதைப் பிய்த்து எறிந்தாலும் பசை கொஞ்சம் தங்கிவிடும். பகலில் அது தெரியாது. இரவில் தெருவிளக்கைச் சுற்றிப் புகைபோல ஒளிவட்டம் வந்தால் காரணம் இதுதான். மைக்ரோஃபைபர் துணியில் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை இரண்டு சொட்டு விட்டு மெல்லத் துடையுங்கள். திரவத்தை நேரே லென்ஸில் ஊற்றக் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவரும் பெட்ரோலும் கிட்டவே வர வேண்டாம், லென்ஸ் பூச்சு போய்விடும். கேமரா மேல் தனியாகக் கண்ணாடி ஒட்டியிருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கறுப்புத் திரை. ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுக்கும் குவிக் செட்டிங்ஸில் 'கேமரா ஆக்சஸ்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது அணைந்திருந்தால் எந்த ஆப்புக்கும் கேமரா கிடைக்காது. குழந்தை கையில் போனைக் கொடுத்த வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்து, போனில் அலுவலக மெயிலுக்காகக் கம்பெனியின் நிர்வாக ஆப் ஏறியிருக்கிறதா பாருங்கள். கம்பெனி விதி கேமராவைப் பூட்டியிருந்தால் நீங்கள் எதை அழித்தாலும் திறக்காது. ஐ.டி. பிரிவிடம் கேட்பதுதான் ஒரே வழி.

பைக் ஹேண்டில்பார். இந்த ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கை நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸை நுண்ணியமாக அசைக்கும் ஓ.ஐ.எஸ். என்ற பகுதி, பைக் எஞ்சினின் தொடர் அதிர்வில் நாளடைவில் கெட்டுப்போகக்கூடும். 2021 செப்டம்பரில் ஆப்பிளே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அறிகுறி இது: போனை மேஜை விளிம்பில் ஆடாமல் சாய்த்து வைத்தாலும் திரையில் காட்சி நடுங்கும், சில சமயம் உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் வரும். அப்படியே 0.5 அகலக் கோண லென்ஸுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான போன்களில் அந்த லென்ஸுக்கு ஓ.ஐ.எஸ். கிடையாது. அங்கே காட்சி அசையாமல் நின்று, முதன்மை லென்ஸில் மட்டும் நடுங்கினால் உறுப்புதான் கெட்டிருக்கிறது. ரீசெட்டில் நேரத்தை வீணாக்காதீர்கள். காந்தம் வைத்த கேஸ், பர்ஸ் கேஸ் எதுவும் போட்டிருந்தால் மட்டும் கழற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். காந்தத்தால் வரும் குழப்பம் அதை எடுத்ததும் சரியாகிவிடும்.

கிட்டத்தில் ஃபோக்கஸ் ஆகவில்லை. பெரிய சென்சார் வைத்த புதிய போன்களின் முதன்மை லென்ஸ் ஒரு சாணுக்குக் கிட்டே போனால் திணறும். அது கோளாறு அல்ல, அந்த லென்ஸின் எல்லை. தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் ரேஷன் கார்டின் பொடி எழுத்துகூடத் தெளிவாக வரும்.

படத்தில் குறுக்குப் பட்டைகள். அல்சூர் பூப்பல்லக்குத் திருவிழாவில் சீரியல் லைட்டை வீடியோ எடுத்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். கேமரா செட்டிங்ஸில் 'ஆன்டி பேண்டிங்' அல்லது 'ஆன்டி ஃப்ளிக்கர்' இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வையுங்கள். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடிக்குக் கொண்டுவந்தாலும் போதும். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போய் 'ஷோ பால் ஃபார்மேட்ஸ்' என்பதை இயக்கினால், 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போகும் 25 ஃபிரேம் வீடியோ கிடைக்கும். இங்கே ரீசெட் செய்தால் நிலைமை மோசமாகவும் ஆகலாம், ஏற்கெனவே 50 என்று வைத்திருந்தது 'ஆட்டோ'வுக்குத் திரும்பிவிடும்.

இவற்றோடு இன்னும் இரண்டை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஸ்டோரேஜ் நிரம்பி வழிகிறதா? வீடியோ கால் ஆப் எதுவும் பின்னால் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் இரண்டாவது பிரச்சினை போய்விடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

இத்தனைக்கும் பிறகு கோளாறு தீரவில்லை என்றால்தான் ரீசெட் பேச்சு. ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் எடை போடலாம். எந்த வகைக் கோளாறைத் தீர்க்கும்? எது அழியும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்? முடிந்த பிறகு நாம் உட்கார்ந்து திரும்பச் செய்ய வேண்டிய வேலை என்ன? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் சொல்லும் 'பத்து நிமிஷ'த்தில் அது சேர்வதும் இல்லை.

| வழி | எதைத் தீர்க்கும் | எது போகும் | நேரம் | பிறகு வரும் வேலை |
|---|---|---|---|---|
| கேமரா ஆப்பின் உள் ரீசெட் | தெரியாமல் மாறிய நிறம், அளவு, பியூட்டி, ஃபிளாஷ், டைமர் | கேமரா விருப்பங்கள் மட்டும் | 1 நிமிடம் | ஐந்தாறு சுவிட்சுகள் |
| கேச், டேட்டா கிளியர் | ஆப் தொங்குவது, தானாக மூடுவது, அப்டேட்டுக்குப் பின் வந்த குழப்பம் | மேலே உள்ளதோடு ஆப்பின் அனுமதிகள் | 3 நிமிடம் | அனுமதிகளை மறுபடி கொடுப்பது |
| ரீசெட் ஆல் செட்டிங்ஸ் | ஐபோனில் கேமரா விருப்பங்கள். ஆண்ட்ராய்டில் அரிதாக | போன் முழுக்க உள்ள விருப்பங்கள் | 10 நிமிடம் | வைஃபை, ரிங்டோன், தனியுரிமை எல்லாம் |
| ஃபேக்டரி ரீசெட் | சிஸ்டம் அளவிலான மென்பொருள் சிக்கல் | எல்லாம் | அரை நாள் | வங்கி ஆப்கள், வாட்ஸ்அப், ஓ.டி.பி. ஆப்கள் |

## 1. கேமரா ஆப்பின் உள்ளேயே ரீசெட்

சாம்சங்கில் கேமரா செட்டிங்ஸின் அடிவரை இறங்கினால் 'ரீசெட் செட்டிங்ஸ்' இருக்கும். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் 'ரிஸ்டோர் டிஃபால்ட்' என்பது போன்ற பெயரில், பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். படங்கள் எதுவும் அழியாது. இதைச் செய்யத் தயங்க வேண்டியதே இல்லை.

ஆனாலும் சில விஷயங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். மெமரி கார்டில் சேமிக்கும்படி வைத்திருந்தால் அது போனின் உள் ஸ்டோரேஜுக்குத் திரும்பும். ஒரு மாதம் கழித்து 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வரும்போதுதான் தெரியும். சில போன்களில் முகத்தை வழவழப்பாக்கும் பியூட்டி வசதி கம்பெனி அமைப்பிலேயே இயங்கும் நிலையில் இருக்கும். முகம் வெளுக்கிறது என்று ரீசெட் செய்தவருக்கு முகம் இன்னும் வெளுத்ததுதான் மிச்சம். படத்தின் மூலையில் போன் பெயர் அச்சாகும் வாட்டர்மார்க்கும் அப்படித் திரும்ப வந்து உட்காரலாம்.

அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் கேமரா செட்டிங்ஸ் பக்கத்தை மேலிருந்து கீழாக மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை: சேமிக்கும் இடம், லொகேஷன் டேக், ஆன்டி ஃப்ளிக்கர், படக் கோப்பின் வகை, வீடியோ அளவு. கோப்பு வகை ஏன் முக்கியம்? கல்லூரிச் சேர்க்கை, அரசுத் தேர்வு விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜேபெக் மட்டுமே ஏற்கும். போன் ஹெச்.இ.ஐ.சி. என்ற வேறு கோப்பு வகையில் சேமித்தால் கடைசி நாளில் தலைவலி. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் ஜேபெக் வரும். வீடியோ அளவும் அப்படித்தான். ஐபோன் கணக்கில் 1080 அளவு, 30 ஃபிரேம் வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்.பி. பிடிக்கும், 4கே 30 ஃபிரேம் 170 எம்.பி., 4கே 60 ஃபிரேம் 400 எம்.பி. 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் முதல் இரண்டும் இன்னும் கூடும்.

யாருக்கு ஏற்றது: ஆப் திறக்கிறது, படமும் எடுக்கிறது, ஆனால் படம் முன்புபோல் இல்லை என்பவர்களுக்கு. சந்தேகம் இருந்தாலே முதலில் இதைச் செய்யலாம்.

ஐபோன்காரர்கள் இங்கே வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸ், கேமரா, 'ப்ரிசர்வ் செட்டிங்ஸ்' பக்கத்தில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். அணைந்திருக்கும் விருப்பம், ஆப்பைப் புதிதாகத் திறக்கும்போது பழைய நிலைக்குத் தானே போய்விடும். இயங்கிக்கொண்டிருப்பது நீங்கள் கடைசியாக வைத்தபடியே நிற்கும். "நேற்று இரவு குறைத்த வெளிச்சம் இன்று காலையிலும் அப்படியே இருக்கிறது, படமெல்லாம் இருட்டு" என்றால் எக்ஸ்போஷர் சுவிட்ச் இயங்குகிறது என்று பொருள், அதை அணைத்தால் தீர்ந்தது. சாம்சங்கில் இதற்கு 'செட்டிங்ஸ் டு கீப்' என்று பெயர். ஒரே தொல்லை வாரம்தோறும் திரும்ப வந்தால், ரீசெட்டைவிட இந்தப் பக்கம்தான் நிரந்தர மருந்து.

## 2. கேச் கிளியர், டேட்டா கிளியர்

ஆண்ட்ராய்டுக்கு மட்டும். கேமரா ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போங்கள். முதலில் 'ஃபோர்ஸ் ஸ்டாப்', அடுத்து ஸ்டோரேஜுக்குள் போய் 'கிளியர் கேச்' (ஆப் தற்காலிகமாகச் சேர்த்த கோப்புகள் மட்டும் அழியும்), பிறகு கேமராவைத் திறந்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் மட்டும் 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்'.

டேட்டா என்ற சொல்லைப் பார்த்ததும் பயப்படுகிறவர்கள் நிறைய. படங்கள் கேமரா ஆப்புக்குள் இருப்பதில்லை, டி.சி.ஐ.எம். என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. கேமரா ஆப்பின் டேட்டாவை அழித்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இதே வேலையை அவசரத்தில் கேலரியிலோ கூகுள் போட்டோஸிலோ செய்துவிடாதீர்கள். கூகுள் போட்டோஸின் 'லாக்டு ஃபோல்டரில்' பேக்கப் ஆகாத படங்கள் இருந்தால், அந்த ஆப்பின் டேட்டாவை அழிக்கும்போது அவை ஒரேயடியாகப் போய்விடும்.

அழித்த பிறகு கேமராவைத் திறந்ததும் கேமரா, மைக், லொகேஷன் அனுமதிகளைக் கேட்கும். பலரும் மூன்றுக்கும் 'அலவ்' தட்டிவிடுவார்கள். லொகேஷனில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதற்கு அனுமதி கொடுத்து லொகேஷன் டேக்கும் இயங்கினால், வீட்டில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் வீட்டின் இருப்பிடம் பதிவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் கூடவே போகும். வாடகை வீட்டுக்குப் புரோக்கரிடம் படம் அனுப்புகிறவர்கள், பழைய சோபாவை ஆன்லைனில் விற்கிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

யாருக்கு ஏற்றது: ஆப் தொங்குகிறது, தானாக மூடிக்கொள்கிறது, அப்டேட் வந்த மறுநாளிலிருந்து தகராறு என்பவர்களுக்கு. ஆப் தனியாக அப்டேட் ஆகும் போன்களில், அதே 'ஆப் இன்ஃபோ' பக்கத்தின் மூன்று புள்ளியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருந்தால் அதையும் முயலலாம்.

## 3. ரீசெட் ஆல் செட்டிங்ஸ்

ஆண்ட்ராய்டில் கேமராவுக்காக இதைத் தொட வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. இரண்டாவது வழியில் தீராதது இதில் தீர்வது அரிது.

ஐபோனில் ஆப் டேட்டாவை அழிக்கும் வசதி இல்லாததால் இதற்கு ஓர் இடம் உண்டு. செட்டிங்ஸ், ஜெனரல், 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', ரீசெட், 'ரீசெட் ஆல் செட்டிங்ஸ்'. 'ரீசெட்' பொத்தானுக்கு அருகிலேயே எல்லாவற்றையும் அழிக்கும் 'இரேஸ் ஆல் கண்டென்ட்' இருக்கிறது, விரல் தவறக் கூடாது. படங்கள், ஆப்கள், செய்திகள் போகாது. நெட்வொர்க் அமைப்புகள், கீபோர்டு கற்றுக்கொண்ட சொற்கள், லொகேஷன் மற்றும் தனியுரிமை அனுமதிகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். தமிழைத் தங்கிலீஷில் தட்டச்சு செய்து கீபோர்டை வருடக்கணக்காகப் பழக்கியவர்களுக்கு அந்தச் சொற்கள் போவதுதான் பெரிய இழப்பு. 'வா டா' என்று தட்டினால் அது ஆங்கிலத்தில் எதையாவது திருத்தும்.

## 4. ஃபேக்டரி ரீசெட்

கடையில் இதையே முதலில் சொல்வதற்குக் காரணம் எளிது: அவர்களுக்கு அதிகம் யோசிக்காமல் முடிகிற வேலை இது. செலவு முழுக்க உங்கள் பக்கம்.

அந்தச் செலவின் பட்டியல் நீளம். ஒவ்வொரு யூ.பி.ஐ. ஆப்பிலும் சிம் வழி எஸ்.எம்.எஸ். அனுப்பி மறுபடி பதிவு செய்ய வேண்டும். புதிதாகப் பதிவானதும் முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்கு வரம்பு வைக்கும் வங்கிகள் உண்டு. மாத வாடகை கட்டும் நாளில் இதைச் செய்யாதீர்கள். ஆறு இலக்க ஓ.டி.பி.யை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் பேக்கப் இல்லாமல் அழிந்தால், அலுவலக லாகின் வரை சிக்கும். வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கின் 15 ஜி.பி. இலவச இடத்துக்குள்தான் அடங்க வேண்டும். அது நிரம்பியிருந்தால் கடைசி பேக்கப் எப்போதோ நின்றிருக்கலாம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெம்பேகவுடா விமான நிலையத்தில், முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜியாத்ரா ஆப் வழியாகப் போகிறவர்களின் விவரங்கள் போனிலேயே இருப்பதால், முகப் பதிவைப் புதிதாகச் செய்ய வேண்டும். மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப் க்யூஆரில் எடுக்கிறவர்கள் திங்கட்கிழமை காலைக்கு முன் வாட்ஸ்அப்பையாவது மீட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி: கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில்லாமல், பட்டன்களை அழுத்தி ரிகவரி வழியாகப் போனை அழித்தால், அதே கணக்கைக் கேட்டுப் போன் பூட்டிக்கொள்ளும். ஐபோனிலும் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. அப்பா அம்மாவின் போனுக்கு யாரோ எப்போதோ கணக்கு போட்டுக் கொடுத்த வீடுகளில் இது நடக்கும்.

இதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை: சேஃப் மோட். பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' பொத்தானை அழுத்திப் பிடித்தால் பல ஆண்ட்ராய்டு போன்களில் சேஃப் மோட் கேட்கும். அதில் நீங்கள் ஏற்றிய ஆப்கள் எல்லாம் ஓய்ந்திருக்கும், போனோடு வந்தவை மட்டும் ஓடும். அங்கே கேமரா சரியாக வேலை செய்தால் குற்றவாளி நீங்கள் ஏற்றிய ஆப்களில் ஒன்று. கோளாறு தொடங்கிய நாளை ஒட்டி ஏற்றியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

அப்படியும் ஃபேக்டரி ரீசெட் செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நிபந்தனை: முடிந்ததும் பேக்கப்பை ஏற்றாதீர்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கைத் தவிர்த்துவிட்டு நேராகக் கேமராவைத் திறங்கள். காலிப் போனிலும் அதே கோளாறு என்றால் உறுப்புதான் பழுது. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு சோதித்தால், பழைய சிக்கலும் பேக்கப்போடு சேர்ந்து திரும்பியதா இல்லையா என்று சொல்லவே முடியாது.

யாருக்கு ஏற்றது: கேமராவோடு டார்ச், புளூடூத், ஸ்பீக்கர் என்று வேறு பலவும் ஒரே சமயத்தில் தகராறு செய்யத் தொடங்கியவர்களுக்கு. போனை விற்கப்போகிறவர்களுக்கும்தான், ஆனால் அது வேறு கதை.

## வேறு கேமரா ஆப் போட்டால்?

'ஓப்பன் கேமரா' இலவசம், விளம்பரம் இல்லை, மூல நிரலும் திறந்தது. தீர்வாக அல்ல, சோதனைக் கருவியாகப் போடுங்கள். போனின் சொந்தக் கேமரா திணறி ஓப்பன் கேமராவில் படம் சரியாக வந்தால் இரண்டாவது வழி போதும். இரண்டிலும் ஒரே கோளாறு என்றால் சந்தேகம் உறுப்பின் மேல் திரும்பும். நிரந்தரமாக அதையே வைத்துக்கொள்வதில் நஷ்டம் உண்டு: பல படங்களை ஒன்றாகச் சேர்த்து இரவுக் காட்சியைத் தெளிவாக்கும் கம்பெனி வேலைப்பாடு அதில் வராது, சில போன்களில் எல்லா லென்ஸும் கிடைக்காது. வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் 'மோட்' கேமரா ஏ.பி.கே.க்கள் (யாரோ மாற்றியமைத்த ஆப் கோப்புகள்) வேண்டாம். கேமராவும் மைக்கும் லொகேஷனும் கேட்கும் ஓர் ஆப்பை முகம் தெரியாதவரிடமிருந்து வாங்குவது சரியல்ல.

சாம்சங்கில் டயல் பேடில் *#0*# தட்டினால் சோதனைத் திரை வரும், அதில் பின் கேமராவையும் முன் கேமராவையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஷாவ்மியில் *#*#6484#*#*. இங்கேயும் படம் வரவில்லை என்றால் சர்வீஸ்தான்.

## சர்வீஸுக்குக் கொடுப்பதென்றால்

வாரன்டி பெரும்பாலும் ஓராண்டு. பில்லைத் தேடி எடுங்கள். வாரன்டி முடிந்தவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு பக்கம் போவதில் தவறில்லை, விலை குறையும். ஆனால் இரண்டு கேள்விகளை முதலிலேயே கேளுங்கள். போடுவது கம்பெனி உதிரியா, வேறொரு போனிலிருந்து கழற்றியதா? திறந்த பிறகு தண்ணீர் புகாத சீல் மறுபடி ஒட்டப்படுமா? இரண்டாவதற்கு 'ஆமாம்' என்று சொன்னாலும், அதன் பிறகு போனை மழையில் நம்பாதீர்கள். ஐபோன் 12 முதல், கேமராவை மாற்றினால் செட்டிங்ஸின் 'அபௌட்' பக்கத்தில் அது தெரியும். கம்பெனி உதிரி இல்லையென்றால் 'அன்நோன் பார்ட்' என்று காட்டும், பின்னால் விற்கும்போது விலை அடிபடும்.

போனை அழித்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்வார்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்ஸலில் 'ரிப்பேர் மோட்' இருந்தால் அதை இயக்கிக் கொடுக்கலாம்; உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்திருக்கும், பழுதுபார்ப்பவர் கேமராவைச் சோதிக்கவும் முடியும். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே நின்று ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு படம், பத்து வினாடி வீடியோ, ஃபிளாஷ், முன் கேமரா எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் அந்தப் போனைப் பைக் ஹேண்டிலில் மாட்டாதீர்கள். வழி பார்க்கத் தேவை என்றால் பழைய போன் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால், அதிர்வைத் தாங்கும் டேம்பர் வைத்த மவுண்ட் வாங்குங்கள்.